தாராக்காவின் இடது கால்

என் தொழிலைச் சொன்னால் காரைக்கால் பக்கம் எங்கள் தலத்தெருவில் பாதிப் பேர் "ஓ, கம்ப்யூட்டர் வேலையா" என்று முடித்துவிடுவார்கள். கம்ப்யூட்டர் என் மேசையில் இருப்பது உண்மைதான். கரண்ட் பில் கட்டுவதற்கும், வரைந்ததைச் சென்னைக்கு அனுப்புவதற்கும் அது இருக்கிறது. என் வேலை காகிதத்தில், பென்சிலால். ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம். ஒவ்வொன்றிலும் கையை ஒரு நூலளவு நகர்த்தி, தலையை அரை நூலளவு சாய்த்து, எல்லாவற்றையும் அடுக்கி ஓடவிட்டால் ஒரு நொடி நேரத்துக்கு ஒருத்தி உயிரோடு இருப்பாள். அந்த ஒரு நொடிக்கு ஒரு முழு நாள் போனாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஃபேன் போட்டால் காகிதம் பறக்கும் என்று புழுக்கத்தில் வேர்த்து வடிய உட்கார்ந்திருப்பேன். கடல்காற்று ஈரத்தில் காகிதத்தின் ஓரம் சுருண்டால் அதன்மேல் பைபிளையும் டெலிபோன் டைரக்டரியையும் ஏற்றி வைப்பேன்.

"முப்பத்தாறு வயசுல ரப்பர் தேஞ்சிடுச்சுன்னு அழுவுற ஒரே ஆம்பள நீதான்டா மைக்கேலு" என்பாள் அக்கா.

எனக்கு ஒரு கொள்கை உண்டு. அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் பெரிய மனிதன் குரலாக மாறும் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். முகத்தை யார் வேண்டுமானாலும் வரையலாம். ஆளைப் பிடிப்பது நடையில்தான். முகத்தை அழித்துவிட்டு நடக்க மட்டும் விட்டால், இது இன்னார் என்று பார்ப்பவனுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லையா, அது வெறும் பொம்மை. இதற்காகவே காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன். ஒரு தடவை போலீஸ்காரர் கூப்பிட்டு விசாரித்தார். ஆட்களின் நடையைப் பார்க்கிறேன் என்று சொன்னேன். அவர் என் நடையைப் பார்க்க விரும்பினார், உடனடியாக, வெளியே போகும் திசையில்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு குழந்தைகள் சேனலுக்கு வாரம் நாலு நிமிஷம் படம் செய்யச் சொன்னார்கள். கையால்தான் வரைவேன் என்று சண்டை போட்டு ஒப்புக்கொள்ள வைத்தேன். அதில் பிறந்தவள் தாராக்கா என்ற வாத்து. எங்கள் பக்கத்தில் வாத்தை வாத்து என்றுதான் சொல்வோம். தாரா என்பது அகராதியில் கிடைத்த பெயர். தாராக்கா ஒரு பஸ் கண்டக்டர். பஸ்ஸில் எருமை, ஆடு, நண்டு எல்லாம் ஏறும். வளைவு வந்தால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். தாராக்கா மட்டும் விழமாட்டாள், ஏனென்றால் அவள் நடையே ஏற்கெனவே சாய்வு. கையைத் தொடையில் ஊன்றி, உடம்பை முன்னால் இறக்கி, மறு அடியில் மோவாயை உயர்த்தி மிடுக்காக ஏறி வருவாள். விழுந்து கிடக்கும் எருமையின் மூக்குக்கு நேரே டிக்கெட்டை நீட்டுவாள். சனிக்கிழமை காலையில் குழந்தைகள் அந்த நடைக்காகவே டிவி முன்னால் உட்கார்ந்தார்கள்.

அந்த நடை என் அக்கா ஆக்சிலியாவுடையது.

அக்காவுக்கு இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போனது. இடது அடி வைக்கும்போது முட்டி மடங்கிவிடாமல் இடது கையால் தொடையை அழுத்திக்கொள்வாள். உடம்பு ஒரு சாண் இறங்கும். வலது கால் ஊன்றியதும் அப்படியே எழும்பி, ‘என்ன இப்போ?’ என்று கேட்பது போல் முகம் நிமிரும். பதினாறு படம். ஒரே மூச்சில் வரைந்தேன், ஒரு தடவைகூட அவளைப் பார்க்காமல், ரப்பரைத் தொடாமல். அடுக்கி விரலால் ஓடவிட்டேன். என் அறையில் அவள் நடந்தாள். என் தொழில் வாழ்க்கையில் அதைவிட நல்லதாக நான் எதையும் செய்ததில்லை, இனிமேல் செய்வேனா என்பதும் சந்தேகம்.

அவளிடம் கேட்டேனா? கேட்கவில்லை. மாடியில் நான், கீழே அவளும் அத்தானும். பதினாலு படி இறங்கினால் கேட்டிருக்கலாம். கேட்பதற்குப் பதிலாக ஒரு கள்ள வேலை செய்தேன். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் பதினாறு காகிதத்தையும் திருப்பிப் போட்டு, பின்பக்கத்திலிருந்து நகல் எடுத்தேன். இடது கால் வலது கால் ஆனது. டிக்கெட் பை இடது தோளில் இடிக்கிறது, அதனால் மாற்றினேன் என்று சென்னைக்காரர்களிடம் சொன்னேன். இனி யாருக்கும் தெரியாது என்று நிம்மதியாகத் தூங்கினேன். முதல் படம் வந்தபோது அக்கா பார்த்தாள், சிரித்தாள், "நல்லாருக்குடா" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன், சாப்பிட்டவளுக்கே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா கோட்டுச்சேரி பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். போன குழந்தைகள் தினத்துக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். பெரிய டீச்சர் திரிபுரசுந்தரி அம்மா சால்வை போட்டார். பின்னால் பெற்றோர்கள் இருபது பேர் நின்றார்கள். நான் கரும்பலகையில் எருமையை வரைந்தேன், நண்டை வரைந்தேன். பிள்ளைகள் கூரை பிய்ந்துபோகும் அளவுக்குக் கத்தினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. யாராவது கேள்வி கேளுங்கள் என்றேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா.

மூன்றாம் வகுப்பு வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். முன்பல் இரண்டு இல்லை. பெயர் ஷிஃபா என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"அங்கிள், தாராக்கா எங்க டீச்சர்தானே?"

மொத்தப் பள்ளியும் அக்காவைத் திரும்பிப் பார்த்தது. அவள் சுவரோரம் நின்றிருந்தாள். பின்னால் நின்ற பெற்றோர்களின் கண்கள் அவள் முகத்தில் தொடங்கிக் காலுக்கு இறங்கியதைப் பார்த்தேன். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அக்கா என்னைப் பார்த்துக் கொஞ்சமாகச் சிரித்தாள். தயவுசெய்து காப்பாற்று என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நடையைப் படிக்கிறவன், முகத்தைப் படிக்கத் தெரியாதவன்.

"சேச்சே, இல்லம்மா" என்றேன். "அது நெஜமான வாத்தோட நடை. திருவேட்டக்குடி கொளத்துல வாத்து மேயுமே, அதப் பார்த்து வரைஞ்சேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எல்லோரும் கேட்கிறார்கள் என்ற தைரியத்தில் ஒரு நீதியும் சொன்னேன். "மனுஷங்களப் பார்த்து அப்புடில்லாம் வரையக் கூடாது. அது தப்பு."

பக்கத்தில் இருந்த பையன் ஷிஃபாவின் முழங்கையை இடித்தான். "நான் அப்பவே சொன்னேன்ல. டீச்சருக்கு எடது காலு, தாராக்காவுக்கு வலது காலு. டீச்சர் சும்மா சொல்லிருக்காங்க."

இஃபாத் என்று யாரோ அவனை அதட்டினார்கள். ஷிஃபா உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு மூன்றாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. டீச்சர் என்ன சும்மா சொன்னாள் என்று எனக்குப் புரியவும் இல்லை.

பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் அக்கா என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தாள். வீட்டுக்கு வந்து நான் மாடிப் படியில் கால் வைத்தபோதுதான் கூப்பிட்டாள்.

"மேல போவாத. உக்காரு."

"ஒன்னயக் காப்பாத்தத்தான்க்கா அப்புடிச் சொன்னேன்."

"எதுலேர்ந்து?"

அவள் கைப்பையிலிருந்து பிள்ளைகள் கொடுத்த ரோஜாக்களை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அது என் நடைன்னு மொத நாளே எனக்குத் தெரியும். பஸ்ஸு திரும்புறப்ப எல்லாரும் சாயுவாங்க, அது மட்டும் நிக்கும். ஸ்கூட்டர் வாங்குறதுக்கு முன்னாடி பத்து வருஷம் பஸ்ஸுல நின்னுக்கிட்டே போனவ நானு. எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏங்க்கா கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு இருந்தேன்."

ஒரு தட்டு தட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவள் அமைதியாகவே சொல்லிக்கொண்டு போனாள்.

"ஒவ்வொரு ஜூன் மாசமும் புதுசா வர்ற பிள்ளைங்க என் பின்னாடி நொண்டி நொண்டி நடக்கும். வெளையாட்டுதான், தீவாளிக்குள்ள அடங்கிடும். பதினெட்டு வருஷமா பாக்குறேன். இந்த வருஷம் அப்புடி நடந்தப்ப, டீச்சர் தாராக்கா மாதிரி நடக்குறாங்கன்னு அந்த ஷிஃபாப் புள்ளதான் சொல்லுச்சு. நான் இல்லன்னேன். நான் தாராக்கா மாதிரி நடக்கல, தாராக்காதான் என்னய மாதிரி நடக்குது, என் தம்பி என்னயப் பார்த்து வரைஞ்சதுன்னேன். அதுக்கப்புறம் நான் வராண்டாவுல நடந்தா புள்ளைங்க ரெண்டு பக்கமும் ஓடியாந்து டிக்கெட்டு கேக்கும். கையில ஏதாச்சும் காயிதம் கிழிச்சுக் குடுத்தாதான் நகரும். எம் பின்னாடி யாரும் நடக்கல, மைக்கேலு. கூட நடந்தாங்க."

அவள் ரோஜாக்களை எடுத்துச் சொம்புத் தண்ணீரில் போட்டாள்.

"இன்னிக்கு எல்லாரு முன்னாடியும் என்னயப் பொய்க்காரியாக்கிட்ட. அதக்கூட விடு. மனுஷங்களப் பார்த்து அப்புடி வரையக் கூடாது, தப்புன்னியே. என்னயப் பார்த்து வரையிறதுல என்னடா தப்பு?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை பெரிய டீச்சரிடம் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். மூன்றாம் வகுப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடட்டும். பொய் சொன்ன டீச்சர் சொல்லும் வாய்ப்பாட்டை எந்தப் பிள்ளை நம்பும்? கோபமாகச் சொல்லியிருந்தால் கெஞ்சியிருப்பேன். அரிசி வாங்க வேண்டும் என்பது போலச் சொன்னாள்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் அட்டைப் பெட்டியைத் திறந்து அந்தப் பதினாறு காகிதத்தைத் தேடினேன். திருப்புவதற்கு முன்னால் வரைந்த அசல் கட்டு ஓரம் பழுத்துக் கிடைத்தது. விரலால் ஓடவிட்டேன். அப்போதுதான், ஏதோ புதிதாகப் பார்ப்பது போல், ஒன்று கண்ணில் பட்டது. பதினாறு படமும் பின்னாலிருந்து பார்த்தவை. முதுகு, பின்னல், இறங்கும் இடது தோள். படத்துக்காகத்தான் பிறகு, கால் மாறிய நகலை வாத்தாக்கிப் பக்கவாட்டில் வரைந்தேன். முதலில் கை தானாக வரைந்தது அவள் முதுகை.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. நான் நாலாம் வகுப்பு, அவள் எட்டாம் வகுப்பு. அக்கா கையைப் பிடித்துக்கொண்டு போ என்று அம்மா அனுப்புவாள். தெருமுனை வரைக்கும் பிடிப்பேன். அப்புறம் பத்தடி பின்தங்குவேன். செருப்பு அறுந்தது மாதிரி நடிப்பேன், ஓணானைப் பார்ப்பேன். ஒருநாள் என்கூடப் படித்த ஒருவன், அது யார், உன் அக்காவா என்று கேட்டான். பக்கத்து வீடு என்று சொன்னேன். அக்கா நின்றாள். திரும்பாமல், கொஞ்சநேரம் நின்றுவிட்டு நடந்தாள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவனுக்கு சேவல் கூவுமுன் குருவையே தெரியாது என்று மறுதலித்த சீடன் கதை தெரியாதா என்ன. சேவல் கூவாத குறைதான்.

நாலு வருஷம் பத்தடி பின்னால் நடந்ததால்தான் அந்த நடை எனக்கு மனப்பாடம். கூட நடந்தவனுக்கு அது தெரிந்திருக்காது. பஸ் ஸ்டாண்டில் நின்று ஆட்களைப் படித்தேன், பென்சிலைக் காதலித்தேன் என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொள்கிறேனே, என் கையிலிருந்து வந்த ஒரே உயிருள்ள நடை என் கோழைத்தனத்தில் கிடைத்தது. காகிதங்களைக் கிழித்துப்போடலாம் என்று தோன்றியது. கிழிக்கவும் முடியவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது, அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். பெரிய டீச்சரிடம் பத்து நிமிஷம் கேட்டேன். "அன்னிக்கே நல்லாப் பேசுனீங்களே சார், இன்னமும் என்ன?" என்றார். பேசினது தப்பு, அதைச் சரிசெய்ய வந்தேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

அக்கா வருகைப் பதிவேட்டை மூடிக்கொண்டிருந்தாள். நாலாக மடித்த ஒரு தாள் அதற்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறவில்லை. பிள்ளைகள் எழுந்து நின்று இழுத்து இழுத்து வணக்கம் சொன்னார்கள்.

"உக்காருங்க" என்றேன். "வெள்ளிக்கெழம நான் ஒரு பொய் சொன்னேன். அதான் வந்தேன்."

ஜன்னல் பக்கம் போய் நின்றேன். முதலில் டிவியில் வரும் தாராக்காவின் ஒரு காகிதத்தைக் கம்பியில் அழுத்திப் பிடித்தேன்.

"எந்தக் காலு சாயுது?"

"வலது காலு" என்றது வகுப்பு. இஃபாத்தின் குரல் முதலில் வந்தது.

காகிதத்தைத் திருப்பிப் பிடித்தேன். வெயில் பின்னாலிருந்து விழுந்ததில் கோடுகள் அப்படியே தெரிந்தன.

"இப்ப?"

"எடது" என்றாள் ஷிஃபா மெதுவாக.

பிறகு அசல் கட்டை எடுத்தேன். முன் பெஞ்சுக்காரர்களைக் கிட்டே கூப்பிட்டு, விரலால் ஓடவிட்டேன். பின்னல் ஆடியது, தோள் இறங்கியது, கை தொடையில் ஊன்றியது, தலை நிமிர்ந்தது. "டீச்சரு" என்று நாலைந்து குரல்கள் ஒன்றாக வந்தன. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று பிள்ளைகள் என்மேல் ஏறாத குறையாக நெருக்கினார்கள். ஏழு எட்டுத் தடவை ஓடவிட்டேன். தாராக்கா உங்கள் டீச்சர்தான், டீச்சர் சொன்னது நிஜம், காலை மாற்றி ஏமாற்றியது நான் என்று சொன்னேன். இஃபாத் ஷிஃபாவிடம் "சரி, ஒத்துக்குறேன்" என்று பெரிய மனசு பண்ணினான்.

அத்தோடு கிளம்பியிருப்பேன். ஷிஃபா எழுந்து நின்றாள்.

"அப்ப அன்னிக்கி ஏன் இல்லன்னீங்க?"

"வெக்கமா இருந்துச்சும்மா."

"படம் நல்லா வரலன்னா?"

"இல்ல. படம் நல்லா வந்துச்சு."

அவள் பல் இல்லாத இடத்தில் நாக்கை வைத்து யோசித்தாள். கேலி இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. கணக்கில் விடுபட்ட படியைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"எங்க டீச்சரை நெனச்சா வெக்கம்?"

இல்லை, என்னை நினைத்துத்தான் வெட்கம் என்று ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதுவும் உண்மைதான். ஆனால் அது இந்த மூன்று நாளில் வந்த வெட்கம். அவள் கேட்டது வெள்ளிக்கிழமை இருந்ததை, அதற்கும் முன்னால் தெருமுனையில் கையை விட்டதிலிருந்து இருந்ததை. அக்காவைப் பார்த்தேன். அவள் வழக்கம்போல் நடுவில் புகுந்து என்னைக் காப்பாற்றவில்லை. என் பதிலை அவளும் கேட்க வேண்டும் என்பது போல் மேசையில் ஒரு கையை ஊன்றி நின்றாள்.

"ஆமா" என்றேன். "சின்ன வயசுலேர்ந்தே. அவங்க கூட நடக்க எனக்கு வெக்கம். அவங்க எங்க அக்கான்னு சொல்லவே வெக்கமா இருந்துச்சு. பின்னாடிதான் நடப்பேன்."

முப்பது பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள். வெளியே வேறு வகுப்பு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது.

"டீச்சர்" என்றாள் ஷிஃபா, "அங்கிள் தப்ப ஒத்துக்கிட்டாங்க. தட்டணுமா?"

அது அக்கா வகுப்பின் வழக்கமாம். தப்பை யார் தானாக ஒத்துக்கொண்டாலும் எல்லோரும் மூன்று தடவை கைதட்டி உட்காரவைக்க வேண்டும். அக்கா தலையை ஆட்டினாள். பிள்ளைகள் தட்டினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. விருந்தினருக்குத் தட்டும் தட்டு இல்லை அது, நன்றாக அளந்து தட்டிய தட்டு. ஷிஃபா நகர்ந்து பெஞ்சில் எனக்கு இடம் விட்டாள். முட்டி நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தேன்.

அக்கா தட்டவில்லை. பதிவேட்டிலிருந்த தாளை உருவி, இரண்டாகக் கிழித்து, மேசை இழுப்பறையில் போட்டாள். பிறகு கரும்பலகையை நோக்கி நடந்தாள். நடக்க அவளுக்கு அந்த இடது கை வேண்டும், அதனால்தான் தட்டவில்லை என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். கரும்பலகைக்குப் போய்ச் சேர்ந்தாள். கை தொடையை விட்டது. அப்போதும் தட்டவில்லை. சாக்பீஸை எடுத்து அன்றைய தேதியை எழுத ஆரம்பித்தாள்.